பூளையா, பூலாவா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பொங்கல் காப்புக்கட்டுக்காகச் சந்தையில் பூ வாங்கினேன். விற்ற பாட்டி ‘பூலாப்பூ’ என்றார். என் மாமியார் ‘கண்ணுப்பிள்ளை’ என்கிறார். சேலத்தில் இருக்கும் அக்கா ‘கூரைப்பூ’ என்கிறாள். மூன்றும் ஒன்றுதானா? எது சரியான பெயர், அதற்கு என்ன அர்த்தம்?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: மூன்றும் ஒரே செடிதான். பழைய பெயர் பூளை. சிறியதாக இருப்பதால் சிறுபூளை. நீங்கள் கேட்டதில் எனக்கு அத்தனை சந்தோஷம். ஏனென்றால் பொங்கல் நோம்பிக்கு நாம் வீட்டிலும் தொழுவத்திலும் கட்டுகிற இந்தப் பூ சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது.

குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் 99 பூக்களில் ‘குரீஇப் பூளை’யும் ஒன்று. அதைவிட அழகான இடம் பெரும்பாணாற்றுப்படையில் வருகிறது. முல்லை நிலத்துக்குப் போகும் பாணனுக்கு வரகுச் சோறு கிடைக்கும் என்கிறார் புலவர். அந்தச் சோறு எப்படி இருக்குமாம்? ‘நெடுங்குரல் பூளைப் பூவின் அன்ன.’ நீளமான கொத்தில் பூத்த பூளைப் பூ மாதிரி, சின்னச் சின்ன வெள்ளைப் பருக்கைகள். கொத்து நீளம் என்பதால் புலவர் பார்த்தது பெரும்பூளை என்று நினைக்கிறேன். நம் சிறுபூளையில் கொத்து குட்டையாக, இலைக்கும் தண்டுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டு இருக்கும். எதுவானாலும் வரகு வடித்துச் சாப்பிட்டவர்களுக்கு அந்த உவமை உடனே புரியும்.

சரி, பூளையா, பூலாவா? இதற்குக் கம்பரிடம் போகலாம். ‘இன்று போய் நாளை வா’ தெரியாத தமிழர் உண்டா? அதற்கு முந்தைய சொற்களை மட்டும் நாம் விட்டுவிடுகிறோம். ‘ஆளையா உனக்கு அமைந்தன மாருதம் அறைந்த பூளை ஆயின கண்டனை, இன்று போய்ப் போர்க்கு நாளை வா’ என்கிறான் இராமன். உன் படையெல்லாம் காற்றடித்த பூளைப்பூவாய்ப் போனதைப் பார்த்தாய் அல்லவா என்று பொருள். இப்போது அடிகளின் முதல் சொற்களைப் பாருங்கள்: ஆளையா, பூளை, நாளை, நான் இங்கே சொல்லாத கடைசி அடியில் வாளை. எதுகையே சாட்சி சொல்கிறது, ‘ள’தான். பூலா என்பது வேறு ஒரு புதர்ச்செடி, அதற்கும் காப்புக்கட்டுக்கும் சம்பந்தம் இல்லை. பாட்டி சொல்வதைத் திருத்த வேண்டாம், வாய்ப்பேச்சில் ‘ள’ அப்படித்தான் நழுவும். கடைப்பலகையிலும் வாழ்த்து அட்டையிலும் ‘பூலாப்பூ’ என்று அச்சடிப்பதுதான் எனக்கு வருத்தம்.

பொருளுக்கு வருவோம். மலையாளத்தில் இலவ மரத்தைப் ‘பூள’ என்பார்கள். தமிழிலும் பூளைக்கு இலவம் என்ற பொருள் உண்டு. ஆக, பஞ்சு போன்ற மென்மைதான் இந்தப் பெயரில் இருக்கிறது. ஒரு கொத்தைக் கிள்ளி விரல் நடுவே தேய்த்துப் பாருங்கள். பூ என்று தனியாக எதுவும் சிக்காது, வெள்ளைப் பஞ்சுதான் உதிரும். அதற்குள்ளே பளபளவென்று ஒரு பொடிக் கறுப்பு விதை. கேரளத்தில் தசபுஷ்பம் எனும் பத்து மலர்களில் ஒன்றான ‘செறூள’ வேறெதுவும் இல்லை, நம் சிறுபூளையேதான்.

பூளை, பீளை என்றும் ஆயிற்று. சித்த வைத்தியர்கள் சிறுபீளை, சிறுகண்பீளை என்பார்கள். கண்ணோரம் படியும் வெள்ளையும் பீளைதானே, இரண்டையும் பார்த்தவர்கள் ஒரே சொல்லால் சொல்லிவிட்டார்கள். அந்தக் கண்பீளைதான் பேச்சில் புரண்டு உங்கள் மாமியாரின் ‘கண்ணுப்பிள்ளை’ ஆகியிருக்க வேண்டும். கூரைப்பூவுக்கு விளக்கமே தேவையில்லை. கூரை இறவாணத்தில் செருகுவதால் கூரைப்பூ.

கேள்வி: இதை ஏன் வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் கட்டுகிறோம்?
– ஒரு வாசகர், காங்கேயம்

பதில்: மூன்றும் மார்கழிக் கடைசியில் வரப்பிலும் வேலியோரத்திலும் காசு இல்லாமல் கிடைப்பவை. காப்பு என்றால் காவல். வேப்பிலை நோய்க்குக் காவல் என்பது நம் நம்பிக்கை. ஆவாரை மங்கலத்துக்கு, பூப்பறிக்கிற நோம்பியே அதற்காக இருக்கிறது. பூளைப்பூவின் தனிக்குணம், காய்ந்தாலும் வாடின மாதிரி தெரியாது. வேப்பிலை சருகான பிறகும் இது வெள்ளையாகவே இருக்கும். வாசலோடு நிறுத்திவிடாமல் தொழுவம், கிணறு, வயலின் ஈசானிய மூலை எல்லா இடத்திலும் கட்டுங்கள். விளைச்சலுக்கு உழைத்த இடங்கள் அவைதானே.

கேள்வி: சிறுநீரகக் கல்லுக்குச் சிறுபீளை நல்லது என்கிறார்கள். காப்புக்கட்டிய கொத்தையே கஷாயம் போடலாமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: போடாதீர்கள். கல்லடைப்புக்குச் சித்த மருத்துவத்தில் சிறுபீளை முக்கியமான மூலிகைதான். ஆனால் சந்தைக்கு வரும் கொத்து எந்த வயலோரம் பறித்தது, அங்கே என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கூரையில் தூசியும் ஒட்டடையும் வேறு சேர்ந்திருக்கும். முதலில் ஸ்கேன் எடுத்துக் கல்லின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் தகுதியுள்ள சித்த மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் அளவில் சாப்பிடுங்கள்.