தேர்வு நேரத்தில் பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொண்டால் மதிப்பெண் கூடுமா?

கூடும் என்று நம்பித்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஆய்வுகள் அந்தப் பக்கம் நிற்கவில்லை.

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு சிறியதுதான், 20 பிள்ளைகள். ஒருநாள் 20 நிமிடம் டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள், இன்னொரு நாள் சும்மா உட்காரவைத்தார்கள். நடந்த நாளில் கவனம் சிதறாமல் சரியான விடையைத் தேர்ந்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் சோதனையிலும் கூடுதலாக எடுத்தார்கள். கவனத்தோடு தொடர்புள்ள மூளையின் மின் அலையும் வலுவாகப் பதிவானது. ஓட்டம்கூட இல்லை, வெறும் நடை!

உடல் அசையும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, நரம்புச் செல்கள் வளர உதவும் புரதமும் சுரக்கிறது. அப்புறம் இரவுத் தூக்கமும் நன்றாக வரும். படித்தது மனதில் தங்க அது ரொம்ப முக்கியம்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓட்டம், விளையாட்டு போன்ற உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. டியூஷனுக்கு ஓடும் பிள்ளைக்கு அந்த பீரியடை விட்டால் வேறு நேரம் ஏது? கணக்கு ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். பி.டி. முடிந்த அடுத்த பீரியடைக் கணக்குக்குக் கேட்டுப் பார்க்கலாம்.