வலைக்கண்

அன்புள்ள ஐயா,
அம்மம்மாவுக்குக் கண்ணில் 'மக்குலா' தேய்ந்துவிட்டதாக வைத்தியர் சொன்னார். லத்தீன் சொல்லாம். என்ன பொருள்? 'மக்குலா' என்று எழுதுவதா, 'மாக்குலா' என்றா? தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லாதது வருத்தமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கிளிநொச்சி

அன்புள்ள தங்கைக்கு,

எழுத்துக்கூட்டலை விடுங்கள். எப்படி எழுதினாலும் அம்மம்மாவின் கண் அதேதான். பொருள்: புள்ளி, கறை. விழித்திரையின் நடுவில் சுமார் 5 மில்லிமீற்றர் அகலத்தில் மஞ்சளாக இருக்கும் இடம். மாதாவை 'அமலோற்பவி' என்கிறோமே, அதன் லத்தீன் வடிவத்திலும் 'மாசில்லாத' என்ற பொருளில் இந்த மக்குலாதான் இருக்கிறது.

ஆனால் 'தமிழில் சொல் இல்லை' என்றீர்களே, அதை விடமாட்டேன். மானின் புள்ளி, முகத்து மறு, சாரத்தில் பட்ட வாழைக்கறை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கும் வீட்டில் பிறந்துவிட்டு இதென்ன வருத்தம்? லத்தீனில் இந்த மூன்றையும் மக்குலா என்றே சொல்லிவிடலாம். அதோடு வலையின் துளையும் மக்குலாதான். அந்தப் பொருள் பிரெஞ்சு வழியாகப் போய், இரும்பு வளையங்கள் கோத்த போர்க்கவசத்துக்கு ஆங்கிலத்தில் 'மெயில்' என்ற பெயரானது. விழித்திரையைக் குறிக்கும் 'ரெற்றினா'வும் வலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. இனி முல்லைத்தீவுக்கு பஸ் ஏறிப் போய், வலைத்துளைக்கு என்ன பெயர் என்று ஒரு சம்மாட்டியைக் கேளுங்கள். 'கண்' என்பார். புள்ளிக்கும் வலைத்துளைக்கும் அவர்களிடம் ஒரு சொல். விழிக்கும் வலைத்துளைக்கும் நம்மிடம் ஒரு சொல். இதை அகராதியில் தேடினீர்களா, வாடியில் தேடினீர்களா?

என் அப்பா நந்திக்கடலில் தொழில் செய்தவர். கடைசிக் காலத்தில் அவருக்கும் இதே நோய். நேரே பார்த்தால் நடுவில் கறுப்பாக இருக்கும், ஓரங்கள் மட்டும் தெரியும். ஆனாலும் திண்ணையில் இருந்து வலை பொத்துவார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்து, கண்ணுக்குள் இரண்டு விரலை விட்டு அளவு பார்த்து, ஊசியைக் கொடுத்து முடிச்சை இறுக்குவார். "தெரிகிறதா அப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். "கண் சரியாகத்தான் இருக்கிறது" என்றார். எந்தக் கண்ணைச் சொன்னாரோ.

எங்களைப் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்பி, வேலியைப் பார்ப்பதுபோல இருப்பார். முகம் கொடுத்துப் பேசுகிறார் இல்லையே என்று கோபித்துக்கொண்டு எத்தனையோ நாள் எழுந்து போயிருக்கிறேன், மடையன். அம்மம்மாவும் அப்படித் திரும்புவார். நகர்ந்து போய் அவருக்கு நேரே நிற்காதீர்கள்.