நீச்சல் தெரியாது, ரிஷிகேஷில் ராஃப்டிங் போகலாமா? எந்த மாதம், எவ்வளவு தூரம் சரி?

போகலாம். வீட்டில் நான்கு பேர், யாருக்கும் நீச்சல் தெரியாது, மே மாத லீவில் ஹரித்வார், ரிஷிகேஷ் வருகிறோம், கங்கையில் காற்றடைத்த ராஃப்டிங் படகில் 16 கிலோமீட்டர் போவதா 25 கிலோமீட்டர் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். டெல்லியில் வேலை பார்ப்பதால் ஊரிலிருந்து வருகிறவர்களை ரிஷிகேஷுக்குக் கூட்டிக்கொண்டு போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீச்சலைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, உங்களைக் கூட்டிக்கொண்டு போகும் கைடு யார், அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்ற இரண்டையும் விசாரியுங்கள்.

கிணற்றிலும் குளத்திலும் நன்றாக நீந்துகிறவர்கூட ரேபிட்டுக்குள், அதாவது ஆறு பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும் இடத்துக்குள், விழுந்தால் கைவீசி நீந்த முடியாது. அங்கே பால் மாதிரி வெள்ளையாகத் தெரிவது காற்றுக் குமிழி கலந்த தண்ணீர். கையால் தள்ளினால் பிடிமானம் கிடைக்காது, உடம்பும் வழக்கமாக மிதக்கிற அளவுக்கு மிதக்காது. போதாக்குறைக்குப் பனி உருகி வரும் தண்ணீர். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே விழுந்ததும் மூச்சு ஒரு நொடி திக்கென்று நின்று, பிறகு தானாகவே வாயைத் திறந்து காற்றை இழுக்கத் தோன்றும். அந்த நேரத்தில் உங்களை மேலே வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட்தான். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரையில் ஜாக்கெட்டுகள் குவியலாகக் கிடக்கும். கையில் கிடைத்ததை எடுத்து மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு பக்கிளும் 'டக்' என்று பூட்டுகிறதா, பட்டை நைந்து போயிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் இடுப்புப் பட்டையை இறுக்க வேண்டும், அப்புறம் மேலே வர வேண்டும். எல்லாம் இறுக்கிய பிறகு வேறொருவரை உங்கள் பின்னால் நிற்கச் சொல்லி, ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் உங்கள் காதுவரை ஏறி வந்தால் அது தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும், முகத்தை மூடும். ஜாக்கெட்டோடு சேர்ந்து நீங்களும் எம்பினால் சரியாக இருக்கிறது. நல்ல கைடு இதை ஒவ்வொருவருக்கும் தானே செய்து பார்ப்பார். படகில் ஏறும் முன் ஒரு தடவை, பெரிய ரேபிட்டுக்கு முன்னால் இன்னொரு தடவை என்று மறுபடியும் பட்டையை இழுத்துப் பார்க்கிறவரும் உண்டு. அப்படி ஒருவர் கிடைத்தால் கவலையை விட்டுவிடலாம். ஹெல்மெட்டும் அப்படியே. நெற்றி தெரிகிற மாதிரி பின்னால் சாய்ந்து கிடந்தால் போட்டுப் பயனில்லை.

அடுத்தது கரையில் கைடு தரும் விளக்கம். பத்துப் பதினைந்து நிமிடம் பேசுவார். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறிப் பழகியவர்கள் பரிசல்காரர் பார்த்துக்கொள்வார் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. கைடு பின்னால் உட்கார்ந்து திசையை மட்டும்தான் பார்ப்பார், படகுக்கு வேகம் கொடுப்பது நீங்கள் போடும் துடுப்பு. தண்ணீரின் வேகத்தைவிடப் படகு கொஞ்சமாவது வேகமாகப் போனால்தான் அவரால் திருப்ப முடியும். அலையைப் பார்த்துப் பயந்து எல்லோரும் துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டால் படகு பக்கவாட்டில் திரும்பி அலையில் மாட்டும். கவிழ்வது பெரும்பாலும் அப்படித்தான். பயப்படுகிறவர்களிடம் நான் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பயமாக இருந்தால் இன்னும் பலமாகத் துடுப்புப் போடுங்கள்.

கட்டளைகள் நாலைந்துதான். 'ஃபார்வர்டு' என்றால் முன்னால் தள்ளு, 'பேக்' என்றால் பின்னால், 'ஸ்டாப்' என்றால் துடுப்பை எடுத்து மடியில் வை, 'கெட் டவுன்' என்றால் படகின் உள்ளே தரையில் இறங்கி ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொள். கைடுகள் அந்த மலைப்பகுதியின் கட்வாலிக்காரர்களாகவோ நேபாளியாகவோ இருப்பார்கள். இந்தியும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டும் வராது என்றால் கரையிலேயே அந்த நான்கு சத்தங்களையும் பழக்கிவிடுங்கள். ஆற்றுக்கு நடுவில் நீங்கள் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்குள் அலை தாண்டிப் போய்விடும். என் அத்தைக்கு அறுபது வயது நெருங்குகிறது, தாமிரபரணியில் முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்காதவர். கரையில் ஒரு பாறைமேல் உட்காரவைத்து கைடு சத்தம் போடப் போட அவர் வெறுங்கையால் துடுப்புப் போட்டுப் பழகினார். படகில் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் முதலில் கட்டளைக்கு அசைந்தார்.

துடுப்பின் மேல்முனையில் டி வடிவப் பிடி இருக்கும். அதைக் கைக்குள் பொத்தியே வைத்திருங்கள். ராஃப்டிங்கில் நான் நேரில் பார்த்த காயங்கள் பாறையில் மோதியதால் வந்தவை இல்லை. பக்கத்தில் இருப்பவரின் டி பிடி வாயிலோ மூக்கிலோ இடித்து வந்தவை. இன்னொன்று, படகின் விளிம்பில் உட்காரும்போது பாதத்தை முன்னால் இருக்கும் குறுக்குக் குழாய்க்கு அடியில் அழுத்திச் செருகிக்கொள்ள வேண்டும். உங்களை உள்ளே வைத்திருப்பது அந்தப் பாதம்தான்.

சரி, விழுந்துவிட்டால்? நீச்சல் தெரியாதவர் கேட்கிற முதல் கேள்வி இது. மல்லாந்து படுத்த மாதிரி மிதக்க வேண்டும், காலிரண்டும் ஆறு போகும் பக்கம் நீட்டி, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்துக்கொள்ளலாம், தலை அடிபடாது. அலையின் உச்சி முகத்தில் அறையும்போது மூச்சை அடக்கி, இரண்டு அலைக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் முகம் வெளியே இருக்கும்போது மூச்சு வாங்குங்கள். எந்தக் காரணம் கொண்டும் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். இடுப்பளவு ஆழம்தானே என்று காலை ஊன்றினால் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கும், பின்னாலிருந்து தண்ணீர் உடம்பை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். ஆழமான இடத்தைவிட இந்த மாதிரி ஆழம் குறைந்த இடம்தான் ஆபத்து. உங்களை இழுப்பதற்காகக் கயிறு அடைத்த பையை வீசினால் பையைத் துரத்தாமல் கயிற்றைப் பிடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். படகே கவிழ்ந்து நீங்கள் அடியில் மாட்டினால் படகின் வயிற்றைக் கையால் தள்ளிக்கொண்டே ஒரே பக்கமாக நகருங்கள், வெளியே வந்துவிடுவீர்கள். படித்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் தெரிந்துவைத்திருக்கிறவர் பதறுவதில்லை. பதறாதவரைத் தூக்கி உள்ளே போடுவது கைடுக்கு சுலபம்.

இப்போது தூரத்துக்கு வருவோம். பத்ரிநாத் போகும் நெடுஞ்சாலை ரிஷிகேஷிலிருந்து தேவப்பிரயாகை வரை கங்கையை ஒட்டியே மேலே ஏறுகிறது. அலகநந்தாவும் பாகீரதியும் சேர்ந்து கங்கை என்று பெயர் பெறுவது தேவப்பிரயாகையில்தான். 108 திவ்ய தேசங்களில் திருக்கண்டம் என்னும் கடிநகர் அதுவே, எனவே நம் ஊர் யாத்திரை பஸ்களை அந்தச் சாலையில் நிறையப் பார்க்கலாம். இந்தச் சாலையில் எந்த இடத்தில் படகை இறக்குகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தூரம். பிரம்மபுரியில் இறக்கினால் ரிஷிகேஷ் வரை 9 கிலோமீட்டர், சிவ்புரியில் 16, மரீன் டிரைவ் என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் 25 போல, கௌடியாலாவில் 36 போல.

சிவ்புரியிலிருந்து வரும் 16 கிலோமீட்டரிலேயே ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ் என்று நல்ல ரேபிட்டுகள் இருக்கின்றன. மரீன் டிரைவிலிருந்து கிளம்பினால் இவற்றோடு த்ரீ பிளைண்ட் மைஸ், கிராஸ் ஃபயர் எல்லாம் சேரும். கௌடியாலாவுக்குக் கீழே டேனியல்ஸ் டிப், அப்புறம் தி வால். ரேபிட்டுகளை உலகம் முழுக்க 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 6 என்றால் கிட்டத்தட்டப் போகவே முடியாதது. தி வால் 4-ஐத் தொடுவது, படகுகளைக் கவிழ்ப்பதில் பேர்போனது. முதல் தடவை போகிற குடும்பத்துக்கு அது வேண்டாம். உங்களுக்கு சிவ்புரி போதும்.

போதும் என்று சொல்வது குறைத்து மதிப்பிட்டு இல்லை. கோல்ஃப் கோர்ஸுக்கு மேலே ஆறு அமைதியாகத்தான் இருக்கும். முதலில் சத்தம் மட்டும் வரும். அலை தெரியாது, ஆறு ஏதோ ஒரு கோட்டில் முடிந்துபோன மாதிரி இருக்கும். கைடு பின்னால் எழுந்து நின்று பார்ப்பார், பேச்சு நின்றுவிடும். நெருங்கியதும் நடுவில் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு பச்சை நாக்கு கீழ்நோக்கிச் சரிவது தெரியும். இரண்டு பக்கப் பாறைகளுக்கும் நடுவே தடையில்லாமல் தண்ணீர் இறங்கும் வழி அது. படகின் மூக்கை அந்த நாக்கில் வைப்பதுதான் கைடின் திறமை. சரிவு முடியும் இடத்தில் அலைகள் வரிசையாக நிற்கும். கடலில் அலை நகரும், தண்ணீர் அங்கேயே இருக்கும். இங்கே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அலை நின்ற இடத்திலேயே நிற்கும். முதல் அலையில் படகு மேலே ஏறும்போது முன்னால் வானம் மட்டும்தான் தெரியும். இறங்கும்போது முழுத் தண்ணீரும் மேலே கொட்டும். சுயமாகத் தண்ணீர் வடியும் படகு என்பதால் தரையோரத் துளைகள் வழியே அது தானாகவே வெளியேறிவிடும். முன் வரிசையில் இருப்பவர்கள் அதிகம் நனைவார்கள், அதிகம் உழைக்கவும் வேண்டும். பயப்படுகிறவர்களை நடு வரிசையில் உட்காரவையுங்கள்.

மாதம் பற்றி. மழைக்காலத்தில், ஜூலையும் ஆகஸ்டும், ராஃப்டிங் மூடியிருக்கும். செப்டம்பரில் தண்ணீர் இறங்கியதும் திறப்பார்கள். ஆனால் ஆரம்ப வாரங்களில் ஆறு இன்னும் கனமாகவே ஓடும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தண்ணீர் குறைவு, தெளிவு, குளிர் கடுமை. என்னைக் கேட்டால் மார்ச்சும் ஏப்ரலும்தான் சிறந்தது. மே மாதம் பனி அதிகமாக உருகுவதால் தண்ணீர் ஏறத் தொடங்கும், போகலாம். ஆனால் சனி ஞாயிறை விட்டுவிடுங்கள். டெல்லிக் கூட்டம் முழுக்க அந்த இரண்டு நாளில் வந்து இறங்கும், சாலையிலேயே பாதி நாள் போய்விடும், கைடுகளுக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. வாரநாளில் காலை முதல் ட்ரிப்பில் ஏறிவிடுங்கள். இன்னொன்று, பாகீரதியில் டெஹ்ரி அணை இருக்கிறது, அலகநந்தாவிலும் மின் திட்டங்கள் இருக்கின்றன. மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறப்பதைப் பொறுத்து ஒரே நாளில்கூட மட்டம் ஏறி இறங்கும். காலையில் பார்த்த பாறை மாலையில் தெரியாமல் போகலாம். ஆகவே நேற்று போனவர் சொன்னதை வைத்து முடிவு செய்யாமல் அன்றைக்குக் கைடிடம் கேளுங்கள். அவர் இன்று வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

ரிஷிகேஷின் தபோவனம் பகுதியில் நடந்தால் பத்தடிக்கு ஒரு ராஃப்டிங் கடையில் கூப்பிடுவார்கள். நூறு இருநூறு குறைகிறதே என்று மட்டும் பார்க்காதீர்கள். கடையில் பேசுகிறவர் வேறு, ஆற்றில் கூட்டிப் போகிறவர் வேறு என்பதால், கைடுக்கு உரிமம் இருக்கிறதா, முதலுதவிப் பயிற்சி உண்டா, கூடவே மீட்புக்குக் கயாக் (ஒருவர் ஓட்டும் சிறு படகு) வருமா, ஒரு படகில் எத்தனை பேரை ஏற்றுவார்கள் என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொள்ளும் இடத்தில் காசு கட்டாதீர்கள். எட்டுப் பேருக்கு மேல் நெருக்கி ஏற்றினால் இறங்கிவிடுங்கள். வீடியோ விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. ஒரு தடவை எங்கள் கைடு ஒரு கையில் கேமரா குச்சியும் மறு கையில் துடுப்புமாக ரேபிட்டுக்குள் இறக்கினார், படகு பாறையில் உரசித் திரும்பியது, முன்னால் இருந்த பையன் தண்ணீரில் விழுந்தான். பின்னால் வந்த படகுக்காரர்கள் தூக்கிவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் வீடியோ வேண்டவே வேண்டாம் என்று கரையிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ கட்டாயம் வேண்டும் என்றால் ஹெல்மெட்டில் பொருத்திய கேமராவாக இருக்கட்டும்.

ஆற்றங்கரை மணலில் கூடாரம் போட்டுத் தங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முன்பு அது பெரிய தொழிலாக இருந்தது. கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரை கரை முகாம்களை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தடை செய்தது. 2018 ஜூனில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் முறையான விதிகள் வரும்வரை ராஃப்டிங்கையே நிறுத்திவைத்தது, பிறகுதான் மறுபடி தொடங்கினார்கள். இரண்டும் நல்லதுக்குத்தான் என்பது என் கருத்து. இப்போது முகாம் என்று விற்பவை சாலைக்கு மேலே மலைச்சரிவில் இருப்பவை. தாராளமாகத் தங்கலாம்.

உடை விஷயம்: ஜீன்ஸ், துப்பட்டா, புடவை வேண்டாம். சீக்கிரம் காயும் டிராக் பேண்ட், டி ஷர்ட், பின்பட்டை உள்ள செருப்பு போதும். கண்ணாடி போடுகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். தாலிச் சங்கிலி, மோதிரம் எல்லாவற்றையும் அறையில் வைத்துவிடுவது நல்லது. இதய நோய், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம். பொதுவாக 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். சின்னவனுக்கு 11 என்று எழுதியிருக்கிறீர்கள், அவன் வயதைக் கூட்டிச் சொல்லி ஏற்றாதீர்கள். பெரியவர்களின் ஜாக்கெட் அவனுக்குத் தளரும். உங்களில் ஒருவர் அவனோடு நிம் பீச்சில் இருங்கள், படகுகள் வந்து முடியும் இடம் அது. மற்றவர்கள் வந்து இறங்க மூன்று மணி நேரத்துக்குள் ஆகிவிடும்.