வீட்டில் பீர் காய்ச்சினால் வழக்கு வருமா?

கேள்வி: வாடகை வீட்டில் இருக்கிறேன். ஆன்லைனில் ஒரு கிட் வாங்கி, முதல் முறையாக 20 லிட்டர் பீர் புளிக்க வைத்திருக்கிறேன். இன்னும் பாட்டிலில் அடைக்கவில்லை. காய்ச்சிய அன்று வந்த வாசனையை வைத்து வீட்டுக்காரர், "போலீசில் சொல்லிவிடுவேன், வீட்டைக் காலி செய்" என்கிறார். நண்பர்களோ ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு பாட்டில்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். நான் செய்தது குற்றமா?

பதில்: எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

"கிட்டை வெளிப்படையாகத்தானே விற்கிறார்கள், பிறகு எப்படிக் குற்றமாகும்?" என்று பலரும் நினைக்கிறார்கள். முளைகட்டிய தானியத்திலிருந்து எடுக்கும் மால்ட் சாறு, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் எல்லாம் உணவுப் பொருள்கள். அவற்றை விற்பவருக்குச் சிக்கல் இல்லை. நீங்கள் ஈஸ்ட்டைத் தூவி மூடியைப் போட்டதும் சர்க்கரை ஆல்கஹாலாக மாறத் தொடங்குகிறதே, 'மது தயாரிப்பு' என்று சட்டம் சொல்வது அதைத்தான். மூடியில் வாயுவை வெளியே விடும் ஏர்லாக்கில் குமிழி வந்துகொண்டிருந்தால் அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

அதற்கு அனுமதி உண்டா என்பதில் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ள அனுமதிக்கிறது. 100 கேலன் என்பது சுமார் 378 லிட்டர். உங்கள் வாளியின் அளவில் வருடத்துக்கு 18 முறை. ஆனால் அங்கேயும் மாநிலச் சட்டம் தனி. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் இதை அனுமதித்தன. ஜப்பானில் 1 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் இருந்தாலே உரிமம் வேண்டும். 'நான் குடிக்கத்தானே காய்ச்சினேன்' என்ற வாதத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989இல் ஏற்கவில்லை. இந்தியாவில் மது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன்படி உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் உள்ள, 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டமோ, தயாரிக்கும் நோக்கத்தோடு பாத்திரங்களையும் கருவிகளையும் வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது.

ஆகவே முதலில் உங்கள் ஊரின் கலால் சட்டத்தில் 'சொந்த உபயோகம்' என்ற விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எதுவும் இல்லாத இடம் என்றால் இன்றே ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். அதற்கு முன் யாருக்கும் ஒரு பாட்டில்கூடக் கொடுக்காதீர்கள், வாளியை வேறு வீட்டுக்கு மாற்றாதீர்கள். புகாரோ நோட்டீஸோ வந்த பிறகு பயந்துபோய்க் கொட்டினால், சாட்சியத்தை அழித்ததாக இன்னொரு வழக்கும் சேரும்.

விலக்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நண்பர்களின் பணத்தை வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது வீட்டுக்காரரின் மிரட்டல் அல்ல, இந்த யோசனைதான். சொந்த உபயோகத்துக்கான விலக்கு விற்பனைக்குப் பொருந்தாது. லாபம் வைக்கவில்லை, மால்ட் வாங்கிய செலவைத்தான் பகிர்ந்தோம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் பாட்டில் ஒரு பக்கம் போய், பணம் மறுபக்கம் வந்தால் அதிகாரி அதை விற்பனை என்றுதான் எழுதுவார். 'பீருக்கு' என்று குறிப்பு போட்டு ஒருவர் போனில் பணம் அனுப்பினால் போதும், அதுவே ஆவணம். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுப்பது வேறு. அதையும் சட்டப்படி குடிக்கும் வயது வராதவருக்குக் கொடுக்கக் கூடாது.

இதே பீரைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்துச் சாராயமாக வடித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். புளிக்க வைப்பதும் வடிப்பதும் சட்டத்தில் வேறு வேறு. நியூசிலாந்து போன்ற மிகச் சில நாடுகளே வீட்டில் வடிப்பதை அனுமதிக்கின்றன.

வீட்டுக்காரர் விஷயம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 'குடியிருப்புக்கு மட்டும்', 'அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது', 'சட்டவிரோதச் செயல் கூடாது' என்ற மூன்று ஷரத்துகளைத் தேடிப் படியுங்கள். காய்ச்சுவது சட்டப்படி சரி என்றால் மூன்றாவது ஷரத்தை அவர் பயன்படுத்த முடியாது. ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதித்த வாசனை, ஒரே ஒரு நாள் வந்தது, வீட்டைக் காலி செய்ய வைக்கும் அளவுக்குத் தொந்தரவு என்று நிரூபிப்பது எளிதல்ல. வாய்ச்சொல்லுக்குப் பதில் சொல்லிச் சண்டை வளர்க்காமல், ஆட்சேபணையை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

பாட்டில் வெடிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நொதித்தல் முடியாமல் அடைத்தால் உள்ளே வாயு சேர்ந்து கண்ணாடி சிதறும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காயம் பட்டால் கவனக்குறைவுக்கான இழப்பீடு உங்கள் தலையில்தான் விழும். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் அளவு மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் இருந்த பிறகே அடையுங்கள். அந்த மூன்று அளவுகளையும், ஈஸ்ட் போட்ட தேதியையும், மொத்த லிட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வரம்புக்குள்தான் காய்ச்சினீர்கள், கவனமாகத்தான் அடைத்தீர்கள் என்று நாளை காட்ட வேண்டி வந்தால் அந்த நோட்டு கைகொடுக்கும்.