பாஸ் மாமாவுக்கு அடுத்து யார்?

கேள்வி: பாலையூற்றில் அப்பா தொடங்கிய பேக்கரியை நான்கு வருடமாக நான் நடத்துகிறேன். விறகுப் போறணை. நாளுக்கு இரண்டு மூட்டை மா போகிறது. தலைமை வேலைக்காரர் பாஸ் மாமாவுக்கு 66 வயது. மா குழைக்கும் இருவருக்கும் 61, 63. பாட்டுப் போட்டுத் தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ ஓட்டுபவருக்கு 58. இரவு பத்து மணிக்கு வந்தால் விடிய ஆறு மணிக்குத்தான் போவார்கள். ஒன்றரை வருடத்தில் ஐந்து பொடியன்களை எடுத்துப் பார்த்தேன், ஒருவரும் இரண்டு மாதம் தாண்டவில்லை. நிலாவெளி ஹோட்டல், இல்லாவிட்டால் கட்டார். பாஸ் மாமாவுக்கு இப்போது கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. மூடிவிடுவதா?
– ஒரு வாசகி, திருகோணமலை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூட வேண்டாம். ஆனால் பாஸ் மாமாவின் வேலை முழுவதையும் அப்படியே வாங்கிச் சுமக்க ஒரு பொடியனைத் தேடுவதை நிறுத்துங்கள். அவர் செய்வது ஒரு வேலையல்ல, மூன்று வேலை. முதுகால் செய்வது ஒன்று, நித்திரையைக் கெடுத்துச் செய்வது இன்னொன்று, கண்ணாலும் கையாலும் பதம் பார்ப்பது மூன்றாவது. உங்களுக்கு வந்த ஐந்து பேருக்கும் முதல் இரண்டு மட்டுமே கிடைத்திருக்கும். மூன்றாவதைத் தொடுவதற்கு முன்பே போய்விட்டார்கள்.

முதலில் மூட்டை. 50 கிலோவை 61 வயதுக்காரர் தூக்குவதும் ஆபத்து, 20 வயதுக்காரர் தினமும் தூக்குவதும் ஆபத்து. பகலில் மா வந்திறங்கும்போதே மூடியுள்ள வாளிகளில் பிரித்து நிறுத்து வையுங்கள். ஒரு மூட்டைக்கு நான்கு வாளி, ஒன்றில் 12.5 கிலோ. 25 கிலோ மாவைக் குழைக்க இரண்டு வாளி, அவ்வளவுதான். இரவில் நிறுக்கும் வேலையும் மிச்சம். வாளியை மா குழைக்கும் மெஷினின் விளிம்புக்குத் தாழ்த்திப் பிடித்துச் சரிக்க வேண்டும். உயரத்திலிருந்து கொட்டி உதறினால் மாத்தூசி எழும்பும், வருடக்கணக்கில் அதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். வேலை நாளில் இழுப்பும் லீவு நாளில் சுகமும் என்று யாராவது சொன்னால் உடனே வைத்தியரிடம் அனுப்புங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் சாரத்துடன் நிற்க யாரையும் விடாதீர்கள். மூடியைத் திறந்தால் மெஷின் நிற்கும் சுவிட்சைக் கட்டிவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள். பாஸ் மாமாவின் நடுக்கத்துக்குக் காரணம் தெரியும் வரை அவர் மெஷினுக்கும் போறணை வாய்க்கும் கிட்டப் போகக்கூடாது. இதில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம்.

அடுத்தது இரவு. நம் ஊரில் பின்னேரம் நாலு, ஐந்து மணிக்குச் சூடான பாண் வாங்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பகுதியைச் சுடும் வேலையைப் பகலுக்கு மாற்றி, பின்னேர விற்பனைக்குக் கொண்டுவாருங்கள். காலைக்குத் தேவையானதில் பணிஸை மட்டும் முதலில் குளிரில் வைத்துப் பழகுங்கள். ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, மாலையில் உருட்டித் தட்டில் அடுக்கி, 3 முதல் 5 பாகை குளிரில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வைக்கலாம். போறணை மூட்ட ஒருவர் மட்டும் இரண்டு மணிக்கு வந்தால் போதும். இதில் இரண்டு பிழை வரும். தட்டுகளை நெருக்கி அடுக்கினால் நடுவில் உள்ள மா குளிர நேரமெடுத்து, அதற்குள் புளித்து மேலே வந்துவிடும். தட்டுக்குத் தட்டு 5 சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். பொலித்தீனால் மூடாவிட்டால் மேற்பரப்பு காய்ந்து தோல்போலாகும், பிறகு வெடித்துத்தான் வேகும். கரண்ட் போகும் இரவில் குளிர்ப்பெட்டியைத் திறக்கவே கூடாது. ஒரு மாதம் ஒழுங்காக வந்தபிறகு பாணுக்குப் போகலாம்.

வகைகளையும் குறையுங்கள். பதினைந்து வகை செய்யும் பேக்கரியில் ஆட்பற்றாக்குறை பெரும்பாலும் அந்தப் பதினைந்தால் வருவதுதான். ஒவ்வொரு சிறு கூட்டுக்கும் தனியாக நிறுக்க வேண்டும், கழுவ வேண்டும், காத்திருக்க வேண்டும். விற்பனையில் கீழே கிடக்கும் பாதியை நிறுத்திப் பாருங்கள்.

இனி முக்கியமானது, பாஸ் மாமாவின் கைப்பதம். அவர் அள்ளிப்போடும் உப்பு, ஈஸ்ட், தண்ணீர் எல்லாவற்றையும் பத்து நாள் போடுமுன் நிறுத்து எழுதுங்கள். 100 பங்கு மாவுக்குத் தண்ணீர் 58, உப்பு 2, ஈஸ்ட் 1, சீனி 2, மார்ஜரின் 2 என்ற அளவுக்கு அருகில்தான் வரும். 50 கிலோ மாவில் ஏறக்குறைய 82 கிலோ குழையல் கிடைக்கும். வேகும்போது எட்டில் ஒரு பங்கு குறையும் என்பதால், 450 கிராம் பாணுக்கு 515 கிராம் வெட்ட வேண்டும். கழிவு போக 155 பாண் மட்டில் வரும். எண்ணிக்கை இதைவிடக் கூடினால் பாண் நிறை குறைகிறது என்று அர்த்தம்.

பொடியன் செய்தால் மட்டும் மா ஏன் பிழையாகிறது? பெரும்பாலும் சூடு. குழைத்து முடிந்த மா 27 பாகையில் இருக்க வேண்டும். 27ஐ மூன்றால் பெருக்கினால் 81. அதிலிருந்து மாவின் சூடு, அறையின் சூடு, மெஷின் உராய்வுக்கு 8 மட்டில் கழியுங்கள். மா 30, அறை 33 என்றால் தண்ணீர் 10 பாகையில் இருக்க வேண்டும். பைப் தண்ணீரே 30 பாகையில் வரும் ஊரில் ஐஸ் இல்லாமல் இது நடக்காது. 25 கிலோ மாவுக்கு வேண்டிய 14.5 கிலோ தண்ணீரில் 2.6 கிலோவை உடைத்த ஐஸாகப் போடுங்கள். கட்டியாகப் போட்டால் குழைத்து முடியுமுன் கரையாமல் ஆங்காங்கே ஈரம் நிற்கும். பாஸ் மாமா இந்தக் கணக்கைப் போடுவதில்லை. தண்ணீரில் கை வைத்தே அறிந்துவிடுவார். அந்தக் கை வர இருபது வருடம் வேண்டும், தேர்மோமீற்றர் வாங்க ஒரு நாள் போதும்.

போறணையின் பதத்தை மட்டும் அவரிடமே படிக்க வேண்டும். தளத்தில் ஒரு சிட்டிகை மாத் தூவி, அது நிறம் மாறும் வேகத்தைப் பார்ப்பதும், பொங்கிய மாவை விரலால் அழுத்தி அது மெல்லத் திரும்பி வருவதைப் பார்ப்பதும் எழுத்தில் வராது. நடுக்கத்தின் காரணம் தெரிந்து, கிட்டப் போகலாம் என்றானபின் தொடங்குங்கள். முதல் வாரம் பொடியன் நிறுக்கட்டும், அவர் செய்யட்டும். இரண்டாம் வாரம் பொடியன் செய்ய அவர் பக்கத்தில் நிற்கட்டும். மூன்றாம் வாரம் அவருக்கு ஒரு கதிரை. நான்காம் வாரம் பாண் வெளியே வரும் நேரத்துக்கு மட்டும் வரட்டும்.

இத்திட்டம் உடையும் இடம் ஒன்றுண்டு. மூன்றாம் வாரத்தில் அவர் கதிரையிலிருந்து எழும்பி, "தள்ளு, நான் பார்க்கிறன்" என்பார். கோபத்தால் அல்ல. பழக்கி முடித்த அன்றைக்கே தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்ற பயத்தால். அது நியாயமான பயம். ஆகவே தொடங்குமுன் கடிதம் கொடுங்கள்: இரண்டு வருடம் வேலை உறுதி, நாளுக்கு நான்கு மணித்தியாலம், பழக்குவதற்குத் தனிக் கொடுப்பனவு. 60 தாண்டியவரை நிறுத்தியே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. அவர் 55 வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுத்திருந்தாலும், வேலை செய்யும் வரை அவர் பங்கு 8 வீதமும் உங்கள் பங்கு 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டத்தான் வேண்டும். இங்கே பலர் விடும் பிழை இது.

ஆள் தேடுவதற்கும் காலம் உண்டு. ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களோடு போட்டி போடாதீர்கள். ஒக்டோபரில் மழைக்கு முன் ஹோட்டல்கள் ஆட்களைக் குறைக்கும்போது எடுங்கள். பிள்ளைகள் வெளிநாடு போய்த் தாய் தகப்பன் மட்டும் இருக்கும் தெருக்கள் நம் நகரத்தில் கூடிவிட்டன, ஆனால் மாவட்டமே அப்படியில்லை. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கம் இளையவர்கள் இருக்கிறார்கள். பகல் வேலையும் கடைசி பஸ்ஸுக்கு முன் விடும் நேரமும் இருந்தால் வருவார்கள். வெள்ளி ஜும்ஆ நேரத்தையும் நோன்பு மாத நேர மாற்றத்தையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

மா வெட்டி உருட்டும் வேலைக்கு உங்கள் தெருவில் உள்ள நாற்பது வயதுப் பெண்களைக் கேட்டீர்களா? காலை ஒன்பது முதல் இரண்டு வரை என்றால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரக்கூடியவர்கள் இருப்பார்கள். இரவு பத்துக்குப் பின் பெண்களை வேலைக்கு வைக்கத் தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பகலுக்கு மாறினால் அந்தச் சிக்கலும் இல்லை.

பொடியனுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய சம்பளம் சான்றிதழ். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் பயிலுநராகப் பதிந்தால், உங்கள் பேக்கரியிலேயே பழகி என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைப் பெறலாம். பாஸ் மாமாவும், ஏற்கெனவே கைவந்த தொழிலை ஏற்றுக்கொள்ளும் முன்கற்றல் அங்கீகாரம் மூலம் பரீட்சைக்குத் தோற்றலாம். சான்றிதழ் எடுத்தால் பொடியன் கட்டார் போய்விடுவானே என்பீர்கள். போவான். அதை மறிக்க முயலாமல், ஒரு வருட இடைவெளியில் இருவரை எடுங்கள். முதலாமவன் போகுமுன் இரண்டாமவனைப் பழக்கிவிட்டுப் போகட்டும்.

சூன் பாண் ஓட்டுபவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். விடியற்காலை இருட்டில் ஓடுகிறவர், 58 வயது. இந்த மாதமே அவருடைய கண்ணைச் சோதித்துவிடுங்கள்.