செய்தி எங்கே தேர்ந்தெடுக்கப்படுகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

ஊடகங்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் கப்பல் பட்டறை ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வேலையிடத்தில் ஒருவர் உயிரிழந்தால் நாளிதழில் சிறு செய்தி வருகிறது. அதில் அமைச்சு பேசுகிறது, நிறுவனம் பேசுகிறது. இறந்தவரோடு வேலை செய்தவர்கள் பேசுவதில்லை. அமெரிக்க ஊடகங்களை ஆராய்ந்த ஹெர்மனும் சோம்ஸ்கியும் சொன்னதுபோல, உடைமையாளர் விரும்புவதே செய்தி என்றுதான் இதற்குப் பொருளா? அப்படியானால் நாளிதழை நிறுத்திவிட்டுச் சமூக ஊடகத்தில் வருவதை மட்டும் படித்தால் போதாதா? எங்கள் வாசிப்புக் குழுவில் அடுத்த மாதம் இதைப் பற்றிப் பேச இருக்கிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?

– உட்லண்ட்ஸ் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கவனித்தது மிகச் சரி. அதற்கு நீங்கள் கண்டிருக்கும் காரணம்தான் போதவில்லை என்று நினைக்கிறேன்.

ஹெர்மனும் சோம்ஸ்கியும் 1988இல் முன்வைத்தது உடைமையாளரைப் பற்றிய கோட்பாடு மட்டுமன்று. உடைமை, விளம்பர வருவாய், செய்தி தரும் இடங்கள், எதிர்ப்பாளர்கள் தரும் நெருக்கடி, கம்யூனிச எதிர்ப்பு என, எது செய்தியாகும் என்பதைத் தீர்மானிக்கும் ஐந்து வடிகட்டிகளை அவர்கள் கூறினார்கள். 1984இல் போலந்தில் உளவுக் காவலர்கள் கொன்ற ஒரு பாதிரியாருக்கு நியூயார்க் டைம்ஸ் ஒதுக்கிய இடம், அமெரிக்க ஆதரவு பெற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளில் கொல்லப்பட்ட நூறு சமயப் பணியாளர்களுக்குச் சேர்த்து ஒதுக்கியதைவிட அதிகம் என்று எண்ணிக் காட்டினார்கள். இதற்கு யாரும் யாருக்கும் உத்தரவிடத் தேவையில்லை என்பதே அவர்களுடைய வாதத்தின் மையம். ஆனால் அது அமெரிக்கச் சந்தையில் இயங்கும் ஊடகங்களுக்காக எழுதப்பட்ட கோட்பாடு. சிங்கப்பூரில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி நாளிதழ் நிறுவனங்களுக்கு நிர்வாகப் பங்குகள் என்ற தனிவகைப் பங்குகள் உண்டு. இயக்குநரையோ ஊழியரையோ நியமிக்கும், நீக்கும் தீர்மானங்களில் அத்தகைய ஒரு பங்குக்குச் சாதாரணப் பங்கைப்போல் 200 மடங்கு வாக்குரிமை இருக்கிறது. அதை வைத்திருக்க அரசின் ஒப்புதலும் வேண்டும். 2021இல், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், தமிழ் முரசு முதலிய நாளிதழ்களை வெளியிட்டுவந்த எஸ்பிஎச் நிறுவனத்தின் ஊடகப் பிரிவு இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 180 மில்லியன் வெள்ளி வரை அரசு நிதி வழங்கப்படும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே ஐந்து வடிகட்டிகளை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. உடைமை, விளம்பரம் என்ற முதல் இரண்டின் வடிவமே இங்கு வேறு.

இந்த அமைப்பு முக்கியமானது, அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நீங்கள் கேட்ட அந்தச் சிறு செய்தியை அது விளக்கவில்லை. இறந்தவரின் சக ஊழியர் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் எந்த நிர்வாகப் பங்குதாரருக்கும் எதுவும் நேர்ந்திருக்காது. பிறகு ஏன் அவர் பேசவில்லை?

1949 பிப்ரவரியில் அமெரிக்க நாளிதழ் ஒன்றின் தந்திச் செய்தி ஆசிரியரிடம், ஒரு வாரம் அவர் ஒதுக்கிய ஒவ்வொரு செய்தியின் மேலும் காரணத்தை எழுதிவைக்குமாறு டேவிட் மேனிங் ஒயிட் என்ற ஆய்வாளர் கேட்டுக்கொண்டார். மறுஆண்டு வெளியான அந்த ஆய்வின்படி, வந்ததில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ஒதுக்கப்பட்டது. சில காரணங்களில் அவருடைய சொந்த அரசியல் தெரிந்தது உண்மை. மிகப் பல தாள்களில் இடமில்லை என்ற காரணமே இருந்தது. எந்தச் செய்தியை உள்ளே விடுவது என்று முடிவுசெய்யும் அந்த ஆசிரியரை, அதாவது வாயிற்காவலரை மட்டும் ஒயிட் பார்த்தார். வாயில்வரை வந்தே சேராத செய்திகள் அவருடைய கணக்கில் இல்லை. உங்கள் பட்டறைச் செய்தி அந்த வகையைச் சேர்ந்தது.

சமூகவியலாளர் கே டக்மன் 1978இல் இதைத் தெளிவாக்கினார். செய்தி நிறுவனங்கள் உலகத்தின்மேல் ஒரு வலையை விரிக்கின்றன. நிருபர்கள் எந்தெந்த அலுவலகங்களில், எந்தெந்த நேரத்தில் காத்திருக்கிறார்களோ, அந்த முடிச்சுகளில் அகப்படுவதே செய்தியாகிறது. அமைச்சுக்கு ஊடகத் தொடர்பு அதிகாரி இருக்கிறார். நிறுவனத்துக்கும் இருக்கிறார். இறந்தவரோடு சாரத்தில் நின்றவருக்கு யாரும் இல்லை. அவருடைய ஒர்க் பர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. விசாரணை நடக்கும்போது பேச அஞ்சுவார். குடும்பமோ புதுக்கோட்டையிலோ வங்கதேசத்துக் கிராமத்திலோ இருக்கிறது. மாலைக்குள் செய்தியை முடிக்க வேண்டிய நிருபர், அதுவும் ஆட்கள் குறைவான தமிழ்ச் செய்திப் பிரிவில் ஆங்கில அறிக்கையை மொழிபெயர்க்கும் வேலையையும் சேர்த்துச் செய்பவர், கையில் இருப்பதை வைத்து எழுதுகிறார். அதே ஆண்டு பிரிட்டனின் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள்: நம்பகமானவர் என்று ஏற்கப்பட்ட தரப்பு முதலில் பேசுவதால், நடந்தது எத்தகைய நிகழ்வு என்பதை அதுவே வரையறுத்துவிடுகிறது. பிறகு பேசுகிறவர் மறுத்தாலும் அந்த வரையறைக்குள் நின்றே மறுக்க வேண்டியிருக்கிறது.

நமக்கு அருகிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2020 மார்ச்சில், வெளிநாட்டு ஊழியர்களுக்காக உழைக்கும் டிடபிள்யூசி2 அமைப்பு, நெரிசலான விடுதிகளில் கொரோனா பரவும் அபாயத்தைச் சுட்டிக்காட்டி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதியது. அதை நாளிதழ் வெளியிட்டது. ஆனால் வாசகர் கடிதப் பகுதியில் வெளியிட்டது. தணிக்கை என்று இதைச் சொல்ல இடமில்லை. ஓர் எச்சரிக்கை செய்தியாக எழாமல் கருத்தாக நின்றுவிட்டது, அவ்வளவே. ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் விடுதி ஊழியர்கள். அப்போது சுகாதார அமைச்சின் அன்றாட அறிக்கை விடுதிவாசிகளை ஒரு வரியாகவும் சமூகத்தில் ஏற்பட்ட தொற்றுகளை வேறொரு வரியாகவும் தந்தது. நோய்த்தடுப்புப் பணிக்கு அந்தப் பிரிவு தேவைப்பட்டிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் நிர்வாகத்துக்காகப் போடப்பட்ட அந்தக் கோடு தலைப்புச் செய்திகளில் அப்படியே ஏறியது. சமூகத் தொற்று குறைகிறது என்று படித்து நாம் நிம்மதியடைந்த நாள்களில், நம் மொழி பேசும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சமூகத்துக்கு வெளியே எண்ணப்பட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எண்கள் அனைத்தும் சரியானவை. கருத்தியல் என்று இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியின் வழிவந்தவர்கள் பேசுவது இதைத்தான்: ஓர் ஏற்பாடு இயல்பானதாகத் தோன்றி, அதைக் கேள்வி கேட்க வேண்டும் என்ற எண்ணமே எழாமல் போவது. அது எனக்கு இன்றுவரை வலிக்கிறது.

சமூக ஊடகம் பற்றிய உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அங்கேயும் தேர்வு நடக்கிறது. நீங்கள் எதில் நீண்ட நேரம் நின்றீர்கள் என்பதைக் கொண்டு அது நடக்கிறது. விடுதி ஊழியர்கள் தாங்களே எடுத்த உணவுப் படங்களும் அறைப் படங்களும் 2020இல் அந்த வழியாகத்தான் வெளியே வந்தன என்பதை மறக்கக் கூடாது. ஆனால் தவறான செய்திக்குத் திருத்தம் கேட்க நாளிதழில் ஒரு முகவரி இருக்கிறது. நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் குழு கோட்பாட்டு நூலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வேலையிட விபத்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதே நாளின் தமிழ், ஆங்கில நாளிதழ்களை அருகருகே வையுங்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் பல தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தொகுப்பில் கிடைப்பதால், பழைய காலத்தோடும் ஒப்பிடலாம். யாருடைய பேச்சு மேற்கோளாக வருகிறது, யார் பெயரோடு வருகிறார், யார் வயதும் நாடும் மட்டுமாக வருகிறார், செய்தி எந்த அறிக்கையிலிருந்து பிறந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டறையின் நடைமுறை அறிந்த நீங்கள், அந்தச் செய்தியில் யாரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதை ஒரு பக்கம் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். எனக்கும் ஒரு படி அனுப்பினால் இங்கே வெளியிடுகிறேன்.