சவுனாவில் எத்தனை டிகிரி? வாசகர் கேள்வி-பதில்

சவுனா (ஹீட்டர் மேல் கல் அடுக்கி, படிப்படியான பலகைகளில் உட்கார்ந்து வியர்க்கும் மர அறை) பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எத்தனை டிகிரி வைக்கலாம்?" எந்த ஊர், மேல்பலகையா கீழ்ப்பலகையா, கல்லில் தண்ணீர் ஊற்றுவதுண்டா, வெப்பமானி எங்கே மாட்டியிருக்கிறது, ஒன்றும் எழுதுவதில்லை. அளவெடுக்காமல் சட்டை தைக்கச் சொன்னால் எப்படித் தைப்பது? அடுத்த முறை எழுதுகிறவர்கள் இந்த நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.

முதல் தடவை போகப் போகிறேன். வயது 34, நோய் எதுவும் இல்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? (ஃபீனிக்ஸ், தென்னாப்பிரிக்கா)

70 டிகிரி, கீழ்ப்பலகை, 8 நிமிடம். வெளியே வந்து பத்து நிமிடம் ஆறுங்கள், தண்ணீர் குடியுங்கள். பிடித்திருந்தால் இன்னொரு சுற்று. மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் 15, 20 டிகிரி சாதாரணமாக வித்தியாசம் வரும். அதனால் சூடு போதவில்லை என்றால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், ஒரு படி ஏறி உட்காருங்கள். பழகியவர்களுக்குத் தலை உயரத்தில் 80 முதல் 90 வரை. அதற்கு மேல் நான் யாருக்கும் சொல்வதில்லை. தலை சுற்றினாலோ, நெஞ்சு அடித்துக்கொண்டாலோ, அவ்வளவு சூட்டிலும் உடம்பு சிலிர்த்தாலோ, உடனே எழுந்து வெளியே வாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

டர்பனில் 85 டிகிரியில் சுகமாக உட்கார்ந்தேன். ஊருக்குத் திரும்பினால் அதே 85இல் மூக்கு எரிகிறது. இங்கே வெப்பமானி பழுதா? (லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்)

பழுதில்லை. கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஹீட்டர் காற்றைச் சூடாக்குமே தவிர அதில் ஈரத்தைச் சேர்க்காது. வெளியே இருக்கும் காற்றில் எவ்வளவு ஈரமோ அவ்வளவுதான் உள்ளேயும். ஆனால் சூடான காற்று நிறைய ஈரம் தாங்கும், அதனால் சதவீதக் கணக்கு இறங்கிவிடும். பிப்ரவரி மாத டர்பன் காற்றை, 30 டிகிரியும் 80 சதவீத ஈரமும் உள்ளதை, 85க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 5, 6 சதவீதம் நிற்கும். ஜூலைக் குளிர்காலத்து ஜோகன்னஸ்பர்க் காற்றை அதே சூட்டுக்குக் கொண்டுபோனால் 1 சதவீதம்கூடத் தேறாது. அந்த வறண்ட காற்று உங்கள் மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சுகிறது. எரிச்சல் அதனால்தான்.

கல்லில் ஓர் அகப்பை தண்ணீர் விடுங்கள், ஒரு நிமிடம் பொறுங்கள், வேண்டுமென்றால் இன்னொன்று. வாளியோடு கவிழ்க்காதீர்கள். எழும் ஆவியை ஃபின்லாந்துக்காரர்கள் லோய்லி என்பார்கள். அது தோலில் பட்டுத் தண்ணீராகும்போது தன் சூட்டை உங்களுக்குக் கொடுத்துவிடும். வெப்பமானி முள் அசையாது, உடம்புக்கு மட்டும் சுளீரென்று ஏறும். நிறையத் தண்ணீர் விடும் வழக்கம் இருந்தால் 75, 80 போதும். ஸ்டீம் ரூமில் 45 டிகிரியே திணறுவதும் இதனால்தான், அங்கே காற்று முழுக்க ஈரம். இரண்டின் எண்ணையும் ஒப்பிடவே கூடாது.

டர்பன்காரர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. ஃபின்லாந்தில் சவுனாவிலிருந்து பனிக்கோ ஏரிக்கோ போகிறார்கள். நாம் கோடையில் வெளியே வந்தால் பிசுபிசுத்த 30 டிகிரி. வியர்வை காயாது, குழாய்த் தண்ணீரும் வெதுவெதுப்பு. உடம்பில் ஏறிய சூடு இறங்க நேரமாகும். ஆகவே டிசம்பரிலிருந்து மார்ச் வரை மூன்று சுற்றுக்குப் பதில் இரண்டு. மூச்சு சாதாரணமாகும் வரை ஷவரில் நின்று, அப்புறம் மின்விசிறிக்கு முன்னால் உட்காருங்கள். நேராகக் காருக்குப் போகாதீர்கள்.

தாலியைக் கழற்ற மனம் வரவில்லை. போட்டுக்கொண்டே போகலாமா? (டோங்காட்)

போகலாம், அம்மா. தங்கம் சீக்கிரம் சூடேறித் தோலைச் சுடும். சங்கிலி முழுவதையும் ஈரத்துண்டால் மூடிக்கொண்டு கீழ்ப்பலகையிலேயே இருங்கள். வளையலையும் தொங்கும் கம்மலையும் மட்டும் கழற்றிவிடுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறேன். சவுனா போகலாமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

என்ன மாத்திரை, ஐயா? இதைக்கூட எழுதாமல் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? ரத்த அழுத்த மாத்திரையும் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்குச் சூட்டில் அழுத்தம் இன்னும் இறங்கி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு, சூட்டில் மருந்து வேகமாக ரத்தத்தில் சேர்ந்து சர்க்கரை திடீரென்று குறையலாம். இன்சுலின் பேனாவையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள், சூட்டில் மருந்து கெடும். காலில் மரமரப்பு உள்ள சர்க்கரை நோயாளிகளுக்குச் சுடுவதே தெரியாது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும், நெஞ்சுவலி இன்னும் கட்டுக்குள் வராதவர்களும் போகவே வேண்டாம். கர்ப்பிணிகளும் வேண்டாம், முதல் மூன்று மாதம் நிச்சயமாக வேண்டாம். மற்றவர்கள் மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் ஜிம்மில் 75க்கு மேல் ஏறுவதில்லை. சூட்டை அளக்கும் சென்சார் மேல் ஈரத்துண்டு போட்டால் ஏறும் என்று பையன்கள் செய்கிறார்கள். இதில் ஆபத்து உண்டா? (சாட்ஸ்வொர்த்)

உண்டு. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதவில்லை. ஈரத்துண்டு உலரும்போது சென்சார் குளிர்கிறது. அறை இன்னும் சூடாகவில்லை என்று அது நினைத்து, ஹீட்டரை நிறுத்தாமல் ஓட விடுகிறது. அறையில் உண்மையில் எத்தனை டிகிரி என்று அப்போது யாருக்கும் தெரியாது. இரண்டாவது பாதுகாப்பாக உள்ள வெப்பக் கட் அவுட் (சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது) வேலை செய்தால் தப்பித்தோம். அது பழுதாகியிருந்தால்? துண்டு காய்ந்து ஹீட்டர் மேல் விழுந்தால்? சுற்றிலும் இருப்பது காய்ந்த மரம்.

முப்பது வருடமாக ஹீட்டர் பழுது பார்க்கிறேன். ஒரு ஜிம்மில் சவுனா சூடே ஆவதில்லை என்று கூப்பிட்டார்கள். போனால், சென்சார் மேல் துண்டு உலர்ந்து விறைத்துப்போய்க் கிடக்கிறது, ஓரம் கருகியிருக்கிறது. மேல்பலகையில் என் வெப்பமானி 112 காட்டியது. அங்கே ஒரு பெரியவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். சுவரிலிருந்த வெப்பமானி கதவோரம் மாட்டியிருந்ததால் 78 என்றது. அதை நம்பித்தான் அவர் உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன். அன்று அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

யார் அதிக நேரம் தாங்குவது என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஃபின்லாந்தின் ஹெய்னோலாவில் உலகச் சவுனா போட்டி நடந்துவந்தது. 110 டிகிரி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை கல்லில் அரை லிட்டர் தண்ணீர். 2010 ஆகஸ்டில் இறுதிச் சுற்றில் ஆறு நிமிடத்தில் இருவரும் மயங்கினார்கள். ரஷ்யப் போட்டியாளர் இறந்துபோனார். முன்பு பட்டம் வென்ற ஃபின்லாந்துக்காரர் மோசமான தீக்காயங்களோடு பிழைத்தார். போட்டி அதோடு நின்றது. பிறந்ததிலிருந்து சவுனாவில் உட்கார்ந்த ஊரிலேயே இந்தக் கதி.

உங்கள் ஜிம்மில் 75 என்பது மேல்பலகையில், உட்கார்ந்தவர் தலை உயரத்தில் எடுத்த அளவா என்று முதலில் கேளுங்கள். அது உண்மையான 75 என்றால் பெரும்பாலோருக்கு அதுவே நல்ல சூடு. குறைவாக இருந்தால் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுங்கள். அறைக்குத் தக்க ஹீட்டரா என்று பார்க்கட்டும், ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட் வேண்டும். பையன்களிடமும் நேரிலேயே சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எடை குறையுமா? (வெருலம்)

அரைக் கிலோ குறையும். இரண்டு டம்ளர் தண்ணீரில் திரும்பி வரும். பிளாஸ்டிக் உடை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறேன். அந்த நாட்களில் சவுனா? (டர்பன்)

வேண்டாம். வெறும் வயிறு, குறைந்த தண்ணீர், ஜனவரி வெயில், அதோடு சவுனா என்றால் மயக்கம்தான். காவடி இறக்கி, இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் போட்டியில் ஓடப் போகிறேன். சவுனாவில் உட்கார்ந்தால் வெயில் தாங்குமா? (போர்ட் எலிசபெத்)

உதவும். பயிற்சி முடிந்த கையோடு 70, 75இல் பதினைந்து நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள், மூன்று வாரம். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வரத் தொடங்கும். இழந்த தண்ணீரை உப்போடு சேர்த்துத் திரும்பக் குடிக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய மூன்று நாளில் சவுனா வேண்டாம். பீர் குடித்துவிட்டு என்றைக்குமே வேண்டாம்.

வீட்டில் சவுனா வைத்திருக்கிறோம். லோட்ஷெடிங் மின்வெட்டில் பாதியில் நின்றால் என்ன செய்வது? (சாட்ஸ்வொர்த்)

கதவைத் திறந்து எல்லாரும் வெளியே வாருங்கள். மெயின் ஸ்விட்சை அணையுங்கள். டைமரை மட்டும் நம்பாதீர்கள், பழைய மாடல் சில மின்சாரம் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் யாராவது ஹீட்டர் மேல் துண்டு காயப் போட்டிருப்பார்கள்.